நாலு மணி டென்ஷனும் எட்டு மணிச் சாப்பாடும்

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் மினியாபொலிஸ், செயின்ட் பால் என்று இரட்டை நகரங்கள் உண்டு. அங்கே 150 குடும்பங்களுக்கு வீட்டுக்கு ஒரு கைக்கணினி கொடுத்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் 5 முதல் 7 வயதுக்குள் ஒரு குழந்தை. சோமாலியாவிலிருந்து வந்தவர்கள், தென்கிழக்கு ஆசிய மலைகளிலிருந்து அகதிகளாக வந்த மோங் இனத்தவர், பூர்வகுடிகள், கறுப்பினத்தவர், ஸ்பானிய மொழி பேசும் குடும்பங்கள், வெள்ளையர் என்று பல பின்னணி கொண்ட வீடுகள். எட்டு நாளைக்கு அந்தக் கருவி பகலில் பல தடவை ஒலிக்கும். ஒலித்ததும் அம்மாவோ அப்பாவோ பதில் சொல்ல வேண்டும். இப்போது மன அழுத்தம் எவ்வளவு? மனசு சோர்ந்திருக்கிறதா? பிள்ளையோடு சாப்பிட்டு முடித்த பிறகு இன்னொரு கேள்வித்தாள் வரும். என்ன பரிமாறினீர்கள்? வீட்டில் சமைத்ததா, வெளியில் வாங்கியதா? பிள்ளை போதும் என்ற பிறகும் சாப்பிடச் சொல்லி வற்புறுத்தினீர்களா?

மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் ஜெரிக்கா பெர்ஜும் அவருடைய குழுவினரும் நடத்திய ஆய்வு இது. முடிவு 2017இல் வெளியானது. பகலில் மன அழுத்தமோ சோர்வோ கூடியிருந்த நாட்களில், அன்றைய இரவுச் சாப்பாட்டின்போது பெற்றோர் பிள்ளையைச் சாப்பிடச் சொல்லி வற்புறுத்துவது கூடியது. வீட்டில் சமைத்த உணவு மேசைக்கு வருவது குறைந்தது.

இது தெரிந்த கதைதானே என்று தோன்றலாம். இதில் கவனிக்க வேண்டியது நேர வரிசை. ‘என் பிள்ளை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை, அதனால்தான் எனக்கு டென்ஷன்’ என்றுதான் எல்லா வீட்டிலும் சொல்வார்கள். அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் இங்கே டென்ஷன் முதலில் வந்துவிட்டது. பிள்ளை அப்போது சாப்பாட்டுக்கு உட்காரக்கூட இல்லை. மாலை நாலு மணிக்கு அலுவலகத்திலோ கடன்காரனின் போன் அழைப்பிலோ பிறந்த ஒன்று, நாலு மணி நேரம் கழித்து ஒரு குழந்தையின் தட்டருகே வந்து உட்கார்ந்துகொள்கிறது. குழந்தைக்கு அந்த போன் அழைப்பைப் பற்றி எதுவும் தெரியாது. இன்றைக்கு அம்மாவின் குரல் மாறியிருக்கிறது என்பது மட்டும் அதற்குத் தெரியும்.

அந்த எட்டு மணியை நம் வீடுகளில் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். தரையில் தட்டு. தட்டில் ஒரு தோசை, பாதி ஆறிவிட்டது. செம்பின்மேல் சாய்த்து வைத்த கைபேசியில் பாட்டு ஓடுகிறது. கண் திரையில் இருக்க, வாய் தானாகத் திறக்கிறது. அம்மா ஒரு விள்ளலை உள்ளே வைக்கிறாள். பிள்ளை மெல்லாமல் கன்னத்தில் அதக்கிக்கொள்கிறது. “முழுங்குடா, முழுங்கு” என்று குரல் உயர்கிறது. “இன்னும் ரெண்டே வாய். இதைச் சாப்ட்டா சாக்லேட்.” ரெண்டு வாய் நாலாகிறது. நாலாவது வாய் துப்பப்படுகிறது. அம்மா இன்னும் சாப்பிடவில்லை. மறுநாள் காலைக்கு மாவு அரைத்தாகவில்லை, சீருடை தேய்த்தாகவில்லை. அந்த நேரத்தில் அவளுக்கு வேண்டியதெல்லாம் தட்டு காலியாக வேண்டும், அவ்வளவுதான். நாள் முழுக்க அவள் கையை மீறி நடந்த எத்தனையோ காரியங்களுக்கு நடுவே, கண்முன்னால் முடித்துக்காட்டக்கூடிய ஒரே காரியம் அந்தத் தோசை. வற்புறுத்தல் பிறப்பது கொடுமையால் அல்ல, களைப்பால். இதை மறந்துவிட்டு இந்த விஷயத்தைப் பேசினால் தாய்மார்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில்தான் போய் முடியும்.

களைத்த உடம்புக்குள் என்ன நடக்கிறது? ஆபத்து திடீரென வந்தால் பசி அடங்கிவிடும். தேர்வு அறை வாசலில் நிற்கும் மாணவனுக்கு இட்லி தொண்டையில் இறங்காது. அட்ரினலின் பாய்கிறது, ரத்தம் குடலை விட்டுத் தசைகளுக்கு ஓடுகிறது, வாய் உலர்கிறது. ஆனால் மாதக்கணக்கில் நீளும் கவலை இதற்கு நேர்மாறாக வேலை செய்யக்கூடும். மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பியை உசுப்புகிறது. பிட்யூட்டரி, சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளை உசுப்புகிறது. அங்கிருந்து கார்ட்டிசால் என்ற ஹார்மோன் ரத்தத்தில் கலக்கிறது. காலையில் கண்விழித்த அரைமணி, முக்கால் மணி நேரத்தில் இதன் அளவு உச்சத்தில் இருக்கும். நள்ளிரவை ஒட்டி அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். தீராத கவலை இந்த ஏற்ற இறக்கத்தைக் குலைக்கிறது. அடங்க வேண்டிய நேரத்திலும் கார்ட்டிசால் அடங்காமல் நின்றால், இனிப்பும் கொழுப்பும் சேர்ந்த பண்டங்களின் மேல் நாட்டம் கூடுகிறது.

ஏன் குறிப்பாக இனிப்பும் கொழுப்பும்? கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் மேரி டால்மன் என்ற உடலியல் அறிஞர் பல்லாண்டுகள் எலிகளை வைத்து இதை ஆராய்ந்தார். 2003இல் அவருடைய குழு ஒரு விளக்கத்தை முன்வைத்தது. நெருக்கடிக்கு ஆளான எலிகள் சர்க்கரையையும் பன்றிக்கொழுப்பையும் நாடின. அவற்றைத் தின்றபோது அழுத்த ஹார்மோன்களைத் தூண்டும் அந்தச் சங்கிலியின் வேகம் தணிந்தது. அதாவது இனிப்பும் கொழுப்பும் அப்போதைக்குப் பலிக்கிற மருந்து. களைத்து வீடு திரும்பும் ஒருவர் பஜ்ஜிக் கடை வாசலில் நிற்பதை மன உறுதி இல்லாத குணம் என்று திட்டுவதில் பொருளில்லை. அவருடைய மூளை, அதற்குத் தெரிந்த வழியில் தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளப் பார்க்கிறது.

ஆனால் அந்தப் பொட்டலம் வீட்டுக்கும் வருகிறது. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவிலும் அதைச் சுற்றிய பகுதிகளிலும் 2,119 பெற்றோரிடம் எடுத்த தகவல்களை வைத்து 2012இல் ஓர் ஆய்வு வெளியானது. தாங்கள் மிகுந்த அழுத்தத்தில் இருப்பதாக உணர்ந்த பெற்றோரின் பிள்ளைகள் துரித உணவை அடிக்கடி சாப்பிட்டார்கள். பணமுடை, நோய், ஒற்றை ஆளாகப் பிள்ளை வளர்ப்பது என்று ஒரு வீட்டில் சுமைகளின் எண்ணிக்கை கூடக் கூட, பிள்ளையின் உடல் பருமனும் கூடுதலாகக் காணப்பட்டது. ஒன்று இன்னொன்றுக்குக் காரணம் என்று இந்த வகை ஆய்வு நிரூபித்துவிடாது. இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன என்று மட்டும் காட்டும். மின்னசோட்டா ஆய்வின் நேர வரிசை அதனால்தான் முக்கியமாகிறது.

இனி தட்டுக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருக்கும் சின்ன ஆளைப் பார்ப்போம். பெரியவர்கள் பலர் நம்ப மறுக்கும் செய்தி ஒன்று இங்கே இருக்கிறது. பெரும்பாலான குழந்தைகளுக்குத் தமக்கு எவ்வளவு தேவை என்பது தெரியும்.

லீன் பர்ச் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் குழந்தைகள் உண்பதை ஆராய்வதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டவர். அவரும் குழுவினரும் 1991இல் வெளியிட்ட ஆய்வில், 2 முதல் 5 வயதுக்குட்பட்ட 15 குழந்தைகள் ஆறு நாட்கள் உண்ட ஒவ்வொரு கவளத்தையும் அளந்தார்கள். ஒரு நாளின் ஒரு வேளைக்கும் மறுநாளின் அதே வேளைக்கும் இடையே பெரிய வித்தியாசம். கலோரிக் கணக்கில் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஏற்ற இறக்கம். காலையில் கொறித்துவிட்டு எழுந்த குழந்தை மதியம் வெளுத்துக்கட்டும். மதியம் நன்றாகச் சாப்பிட்ட குழந்தை இரவில் தட்டைத் தள்ளும். ஆனால் முழு நாளுக்கும் கூட்டிப் பார்த்தால் ஏற்ற இறக்கம் பத்தில் ஒரு பங்குதான். யாரும் சொல்லிக்கொடுக்காமல், எந்தக் கணக்கும் தெரியாமல், அந்தச் சின்ன உடம்புகள் ஒரு வேளையின் குறையை அடுத்த வேளையில் ஈடுகட்டிக்கொண்டன. நாம் கவலைப்படுவதோ வேளைக்கு வேளை.

இதற்கும் முந்தைய ஒரு முயற்சி உண்டு. படிக்கப் படிக்க அலுக்காத கதை அது. 1926இல் கிளீவ்லாந்து நகர மருத்துவமனை ஒன்றில் கிளாரா டேவிஸ் என்ற மருத்துவர், அப்போதுதான் தாய்ப்பால் மறந்த குழந்தைகளுக்கு முன்னால் கிண்ணங்கள் நிறைந்த தட்டுகளை வைத்தார். பால், முட்டை, இறைச்சி, மீன், தானியங்கள், காய்கள், பழங்கள் என்று முப்பதுக்கும் மேற்பட்ட வகைகள் அவருடைய பட்டியலில் இருந்தன. எல்லாம் எளிமையாக ஆக்கியவை, சர்க்கரை கிடையாது. செவிலியர் கையில் ஒரு கரண்டி. குழந்தை எதைக் காட்டுகிறதோ, அதில் ஒரு கரண்டி அள்ளி அது வாய் திறந்தால் ஊட்ட வேண்டும். எதையும் நீட்டி ஆசை காட்டக் கூடாது. இதைச் சாப்பிடு என்றோ, அதை ஏன் தொடவில்லை என்றோ ஒரு வார்த்தை பேசக் கூடாது, முகம் கோணக் கூடாது. பல ஆண்டுகளில் 15 குழந்தைகள் இப்படி வளர்ந்தார்கள். ஒருவர் உண்டது போல் இன்னொருவர் உண்ணவில்லை. ஒரே குழந்தைகூட ஒரு வாரம் முட்டை முட்டையாகத் தின்றுவிட்டு அடுத்த வாரம் அதைத் திரும்பிப் பார்க்காது. அத்தனை பேரும் நன்றாக வளர்ந்தார்கள். எலும்பு நலிவு நோயோடு வந்த ஒரு குழந்தைக்கு மட்டும் மீன் எண்ணெய்க் கிண்ணம் ஒன்றையும் கூடுதலாக வைத்தார்கள். அது விரும்பியபோது குடித்தது. நோய் குணமான பின் நிறுத்திக்கொண்டது. குழந்தைகளின் மந்திர சக்தி இது என்று டேவிஸ் சொல்லவில்லை. தந்திரம் உணவுப் பட்டியலில் இருந்தது என்றுதான் 1939இல் எழுதினார். எதைத் தேர்ந்தாலும் நல்லதாகவே அமையும்படி பெரியவர்கள் பட்டியல் போட்டார்கள். எவ்வளவு, எந்த வரிசையில் என்பதை மட்டும் குழந்தையிடம் விட்டார்கள்.

இன்றைக்கு எந்த ஆய்வு நெறிக்குழுவும் இப்படியொரு சோதனைக்கு அனுமதி தராது. ஆனால் அந்த வாய்மூடிய செவிலியர்களை என்னால் மறக்க முடியவில்லை. குழந்தையின் பசி பேசுவதற்கு அறையில் அந்த அளவு அமைதி வேண்டியிருக்கிறது.

பசியின் இந்த உள்குரல் சீக்கிரமே மங்கத் தொடங்கிவிடுகிறது. மூன்றரை வயதுக் குழந்தைகளுக்கும் ஐந்து வயதுக் குழந்தைகளுக்கும் மக்ரோனியும் சீஸும் சிறிய, நடுத்தர, பெரிய அளவுகளில் பரிமாறிப் பார்த்தார்கள். சின்னவர்கள் தட்டில் எவ்வளவு இருந்தாலும் கிட்டத்தட்ட ஒரே அளவே சாப்பிட்டார்கள். ஐந்து வயதினரோ தட்டு நிறைய வைத்தால் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். 2000இல் வெளியான இந்த ஆய்விலும் பர்ச்சுக்குப் பங்குண்டு. இரண்டாண்டு இடைவெளிக்குள், வயிறு சொல்வதைவிடத் தட்டு சொல்வதும் சுற்றியிருப்பவர்கள் சொல்வதும் வலுவாகிவிடுகின்றன.

வற்புறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கும் நேரடிச் சோதனை இருக்கிறது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மழலையர் பள்ளிக் குழந்தைகளுக்கு இரண்டு வகை சூப் கொடுத்தார்கள். ஒரு சூப்பின்போது “சூப்பைக் குடித்து முடி” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மற்றதின்போது யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்ட சூப்பைத்தான் குழந்தைகள் கூடுதலாகக் குடித்தார்கள். வற்புறுத்திய சூப்பைப் பற்றி ‘நல்லாவே இல்லை’ என்ற பேச்சுகளும் மிக அதிகம். 2006இல் வந்த ஆய்வு இது. தட்டைக் காலி செய்ய நாம் கையாளும் வழியே அந்த உணவைப் பிள்ளைக்கு எதிரியாக்கிவிடுகிறது.

இரண்டாம் வயது ஏன் போர்க்களமாகிறது என்பதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. மூன்று கிலோவோடு பிறந்த குழந்தை முதல் பிறந்தநாளில் ஒன்பது, பத்து கிலோவாகிறது. அதே குழந்தை இரண்டாம் ஆண்டு முழுவதும் ஏறுவது ஏறக்குறைய இரண்டரை கிலோதான். வளர்ச்சியின் வேகம் குறையும்போது பசியும் குறையும். புதிய உணவைக் கண்டால் முகத்தைத் திருப்பும் குணமும் ஏறக்குறைய அந்த வயதில்தான் தலைகாட்டுகிறது. ‘போன மாசம் வரைக்கும் நல்லா சாப்ட்டுட்டிருந்தான்’ என்று தாய் பதறுவாள். பக்கத்து வீட்டுப் பெரியம்மா ‘பிள்ளை இளைச்சுட்டானே’ என்பார். இயல்பான ஒரு மாற்றம் களைத்த மனசில் தோல்வியாகப் பதிகிறது.

நம் வீடுகளின் வற்புறுத்தலுக்கு ஒரு வரலாற்று நியாயமும் உண்டு. பஞ்சமும் கொள்ளைநோயும் பார்த்த தலைமுறைகளின் பேரப்பிள்ளைகள் நாம். கொஞ்சம் சதைப்பற்று இருந்தால் அடுத்த காய்ச்சலைத் தாங்கும் என்று நம் பாட்டிமார் நினைத்ததில் தவறில்லை. அந்த அச்சம் கைமாறி வந்துவிட்டது. அதற்குக் காரணமாக இருந்த நிலைமை பல வீடுகளில் மாறிவிட்டது.

அடுத்து வருவதுதான் இந்தத் துறையிலேயே என்னை அதிகம் வியக்க வைத்த கண்டுபிடிப்பு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2007இல் பிறந்த இரட்டையர்களைக் கொண்ட சுமார் 2,400 குடும்பங்களை லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கு மரபணுக்கள் ஒன்றே. இரு கருக்களில் உண்டான இரட்டையர் மரபணுவில் சாதாரண அண்ணன் தங்கை போல. இரு வகையினரும் ஒரே வீட்டில் ஒரே கையால் சோறு உண்பவர்கள். ஒரு குணத்தில் முதல் வகையினர் மட்டும் அச்சாக ஒத்திருந்தால், அந்தக் குணத்தில் மரபணுவின் பங்கு பெரிது. இரு வகையினரும் ஒரே அளவு ஒத்திருந்தால் அது வீட்டின் வேலை.

அடம்பிடித்துக் காய்கறியை ஒதுக்குவது, புதிய உணவைத் தொட மறுப்பது ஆகியவற்றை இப்படி அலசினார்கள். 2024இல் வெளியான முடிவுப்படி 16 மாதக் குழந்தைகளிடம் இந்தக் குணத்தில் உள்ள வேறுபாடுகளில் 60 சதவீதத்துக்கு மரபணுவே காரணம். 3 வயதிலிருந்து 13 வயது வரை அது 74 சதவீதத்துக்கும் மேல். வேறொரு ஆய்வில், மனம் வாடினாலோ எரிச்சல் வந்தாலோ தின்பதைக் கூட்டும் குணத்தையும் அதே இரட்டையர்களிடம் பார்த்தார்கள். கணக்கு தலைகீழானது. மரபணுவின் பங்கு மிகச் சிறியது; பெரும்பங்கு இரட்டையர் இருவரும் சேர்ந்து வளரும் வீட்டுச் சூழலுக்கு.

இதன் பொருளை நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும். பிள்ளை பீர்க்கங்காயைத் தொடவில்லை என்பதற்காக ஒரு தாய் தன்னையே நொந்துகொள்கிறாள். வீட்டாரும் அவளைக் குறை சொல்கிறார்கள். அதில் அவள் பங்கு குறைவு. அழுகிற பிள்ளையின் கையில் பிஸ்கட்டைத் திணிப்பது யாருக்கும் தவறாகத் தெரிவதில்லை. வீடு தன் கையெழுத்தை ஆழமாகப் போடுவது அங்கேதான்.

அந்தக் கையெழுத்து விழும் விதத்தை இங்கிலாந்திலேயே கிளேர் ஃபாரோ, எமா ஹேகிராஃப்ட், ஜாக்கி பிளிசெட் ஆகிய மூவரும் காட்டினார்கள். 5 முதல் 7 வயதுப் பிள்ளைகளிடம் ஒரு படத்துக்கு வண்ணம் தீட்டச் சொன்னார்கள். முடித்ததும் ஒரு பொம்மை கிடைக்கும். ஆனால் படத்தை முடிக்கத் தேவையான ஒரு வண்ணக்குச்சி மட்டும் பெட்டியில் இல்லை. ‘இரு, தேடி எடுத்து வருகிறேன்’ என்று ஆய்வாளர் நேரம் கடத்துவார். பொம்மை கண்ணெதிரே, கையில் பாதி முடிந்த படம். அந்தச் சில நிமிடத் தவிப்பில், அறையில் விளையாட்டுச் சாமான்களும் தின்பண்டங்களும் இருந்தன. யார் தின்பண்டத்தின் பக்கம் போனார்கள்? 3 முதல் 5 வயது இருந்தபோது, எந்தப் பிள்ளைகளின் பெற்றோர் உணவைப் பரிசாகக் கொடுத்தார்களோ, சில பண்டங்களுக்குக் கடுமையான தடை போட்டார்களோ, பெரும்பாலும் அந்தப் பிள்ளைகள். உணவை வெகுமதியாக்குவதும் தடை போடுவதும் அன்றைக்கு அந்த நேரத்துச் சண்டையை முடித்துவைக்கும். களைத்தவர்களுக்கு அதுவே பெரிது. ஆனால் மனசு சரியில்லாதபோது வாய்க்கு ஏதாவது வேண்டும் என்ற பாடமும் கூடவே போய்ச் சேர்கிறது.

குழந்தைக்கு என்ன தெரியும், நம் கவலையை நாம் காட்டிக்கொள்வதில்லையே என்று சிலர் நினைக்கலாம். சான் பிரான்சிஸ்கோவில் சாரா வாட்டர்ஸ், வெண்டி மெண்டஸ் குழுவினர் ஒரு வயதைத் தாண்டிய குழந்தைகளையும் தாய்மாரையும் அழைத்தார்கள். தாயின் உடலிலும் குழந்தையின் உடலிலும் இதயத்துடிப்பை அளக்கும் கருவிகள். குழந்தையை வேறு அறையில் விட்டுவிட்டு, தாய் இரண்டு பேர் முன்னால் பேச வேண்டும். சில தாய்மார்களுக்கு வாய்த்த இருவரும் நெற்றியைச் சுருக்கி, தலையை ஆட்டி, பிடிக்காத பாவனையோடு கேட்டார்கள். பேசி முடித்த தாயிடம் குழந்தையைக் கொடுத்தார்கள். நடந்த எதையும் பார்க்காத குழந்தையின் இதயம், சில நிமிடங்களில் தாயின் இதயத்தின் பதற்றத்தைப் பின்பற்றத் தொடங்கியது. 2014இல் வெளியான ஆய்வு. பிள்ளையை மடியில் போட்டு ஊட்டும் பழக்கமுள்ள நமக்கு இதை நம்புவது கடினமாக இருக்காது.

இதெல்லாம் பருமன் பற்றிய மேல்நாட்டுக் கவலை என்று ஒதுக்கிவிட முடியாது. இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 35.5 சதவீதம் என்று ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. தமிழ்நாட்டில் 25 சதவீதம். இந்தப் பக்கத்திலும் தாயின் மனம் வந்து நிற்கிறது. தென்னிந்தியக் கிராமப்புறத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள், ஊட்டம் குறைந்த 72 குழந்தைகளையும் அதே வயதும் ஊரும் கொண்ட ஊட்டமுள்ள 72 குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். ஊட்டம் குறைந்த குழந்தைகளின் தாய்மார்களிடம் மனச்சோர்வு நோய் அதிகமாக இருந்தது. 2004இல் இது வெளியானது. மனம் இருண்டுபோன தாயால் பசித்த குழந்தையின் சின்னச் சின்னச் சைகைகளைக் கவனிக்க முடிவதில்லை. ஓரிடத்தில் அளவுக்கு மீறிய வற்புறுத்தல், இன்னோரிடத்தில் கவனிக்க ஆளின்மை. இரண்டிலும் குழந்தையின் பசி சொல்வது பெரியவர் காதில் விழாமல் போகிறது.

பாகிஸ்தானின் ராவல்பிண்டியை அடுத்த கிராமங்களில் மனநல மருத்துவர் ஆதிஃப் ரஹ்மான், அரசு நியமித்த பெண் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வில் இருந்த கர்ப்பிணிகளையும் தாய்மார்களையும் வீடு தேடிப் போய்ப் பேச வைத்தார். 903 பெண்கள் பங்கேற்ற சோதனை அது. குழந்தைக்கு ஆறு மாதமானபோது, இந்தப் பேச்சு கிடைத்த தாய்மாரில் 23 சதவீதம் பேருக்கே மனச்சோர்வு நீடித்தது. கிடைக்காதவர்களில் 53 சதவீதம். குழந்தைகளின் எடையிலும் உயரத்திலும் தெளிவான வித்தியாசம் வரவில்லை. ஆனால் வயிற்றுப்போக்கு குறைந்தது, தடுப்பூசி போடுவது கூடியது, தாயும் தந்தையும் குழந்தையோடு விளையாடும் நேரம் கூடியது. தாயின் மனசைத் தேற்றினால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. சோறு வேண்டும், சுத்தமான தண்ணீர் வேண்டும். ஆனால் தாயின் மனசைத் தவிர்த்துவிட்டுச் செய்யும் எந்த ஊட்டச்சத்துப் பிரசாரமும் அரைகுறையாகவே நிற்கும்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ரஜிதா சின்ஹா தலைமையில் நடந்த ஒரு சிறு சோதனையும் அதையே சுட்டுகிறது. 2 முதல் 5 வயதுப் பிள்ளைகளின் பெற்றோர் 42 பேர், எட்டு வாரம். எல்லோருக்கும் சத்தான உணவு, உடற்பயிற்சி பற்றிய ஆலோசனை உண்டு. ஒரு பிரிவினருக்கு மட்டும் கூடுதலாக, தம் மன அழுத்தத்தைக் கவனித்துத் தணித்துக்கொள்ளும் பயிற்சி. வெறும் ஆலோசனை பெற்ற பிரிவில் பிள்ளைகளின் எடைக் குறியீடு ஏறியது. பயிற்சி பெற்றவர்களின் பிள்ளைகளிடம் அந்த ஏற்றம் இல்லை. 42 பேரை வைத்துப் பெரிய தீர்ப்பு எழுத முடியாதுதான். ஆனால் ‘கீரை கொடுங்கள், பொரித்ததைத் தவிருங்கள்’ என்பது எந்தத் தாய்க்குத் தெரியாது? தெரிந்ததைச் செய்யும் தெம்பு அவளுக்கு மாலை ஏழு மணிக்கு மிச்சமிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அந்தத் தெம்பு எங்கே போகிறது என்று நம் அரசின் புள்ளிவிவரமே காட்டுகிறது. 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புப்படி, ஊதியமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் செலவிடுவது 289 நிமிடம். வீட்டு வேலை செய்யும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடம். வீட்டு வேலையே செய்யாத ஆண்கள் இந்தச் சராசரியில் சேரவே இல்லை. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த காலை உணவுத் திட்டத்தைக் குழந்தைக்கான திட்டம் என்று மட்டும் பார்ப்பது குறைவான மதிப்பீடு. உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் பள்ளியில் காத்திருக்கும் வீட்டில், வேலைக்கு ஓடும் ஒரு தாயின் காலைப் பரபரப்பில் பெரிய துண்டு ஒன்று குறைகிறது. அது தாய்க்கான திட்டமும்கூட.

வீட்டுக்குள் செய்யக்கூடியதை எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியலாளர் 1980களிலேயே எளிதாகப் பிரித்துச் சொன்னார். என்ன உணவு, எந்த நேரம், எந்த இடம் என்பது பெரியவர் பொறுப்பு. எவ்வளவு சாப்பிடுவது, சாப்பிடுவதா வேண்டாமா என்பது பிள்ளையின் பொறுப்பு. ஒரு வேளை தட்டு பாதியோடு நின்றால் எடுத்து வைத்துவிடலாம். அடுத்த வேளை வரப்போகிறது. ஒதுக்கிய காயைத் திட்டாமல், லஞ்சம் கொடுக்காமல், மறுபடி மறுபடி ஒரு துண்டு தட்டில் வைத்துக்கொண்டே இருக்கலாம். பத்துப் பதினைந்து தடவைக்குப் பிறகு பிடித்துப்போவது சகஜம். எடை இறங்குகிறது, வளர்ச்சி அட்டையில் கோடு கீழ்நோக்கித் திரும்புகிறது, விழுங்கும்போது புரையேறுகிறது என்றால் மட்டும் இந்த நிதானம் வேண்டாம், உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

மருத்துவர்களிடமும் ஒரு வேண்டுகோள். ‘பிள்ளை சாப்பிடவே மாட்டேங்குது’ என்று வரும் தாய்க்குப் பசி டானிக் எழுதும் முன், “நீங்க சாப்ட்டீங்களா, ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குறீங்க, வீட்ல ஒத்தாசைக்கு யார் இருக்காங்க” என்று கேளுங்கள். அப்பாக்களே, தாத்தாக்களே, வாரத்தில் மூன்று இரவாவது தோசைக் கரண்டியும் பிள்ளைக்கு ஊட்டும் பொறுப்பும் உங்கள் கைக்கு வரட்டும். அந்த நேரத்தில் அம்மா தன் தட்டைப் போட்டுக்கொண்டு சூடாகச் சாப்பிடட்டும். பிள்ளை போதும் என்றால், போதும் என்று விட்டுவிடுங்கள்.